நோகாத காலுக்கு ஊசி

கால்நடை மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவன்தான் நான். ஆனாலும் இடது எது, வலது எது என்று கேட்டால் இன்றைக்கும் சாப்பிடுகிற கையை மனதுக்குள் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். (சிரிக்காதீர்கள், உங்களிலும் பலர் அப்படித்தான்.)

கொடைக்கானலில் தொழில் தொடங்கிய முதல் மாதம். குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தா டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தடை தாண்டும் போட்டிகளில் ஓடும் அவருடைய குதிரை ராணிக்கு முன்கால் முட்டியில் தேய்மானம்.

"வலி அடங்கலைன்னா வித்துடுன்னு வீட்ல சொல்றாங்க டாக்டர். எனக்கு மனசே வரலை."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "ஒரே ஊசி டீச்சர். மான் மாதிரி தாவும்."

ராணியை எனக்கு எதிரே ஓட்டி வரச் சொன்னேன். நோகிற முன்கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். என் வலப்பக்கத்துக் கால் படும்போதெல்லாம் ராணி தூக்கியது. "வலது முன்கால்," என்று தீர்ப்புச் சொன்னேன். எதிரே வருகிற குதிரைக்கு அது இடது கால் என்பது இந்த மேதைக்குத் தோன்றவில்லை.

மூட்டுக்குள் ஊசி போடுவது விளையாட்டில்லை. துளி அழுக்கு உள்ளே போய்ச் சீழ் பிடித்தால் குதிரையின் கதை முடிந்தது. அதனால் ராணிக்கு லேசாக மயக்க மருந்து கொடுத்த கையோடு உத்தரவு போட்டேன்: "இனிமே யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எச்சில் தெறிக்கும்." பிறகு வலது முட்டியில் முடியை மழித்து, பத்து நிமிடம் மருந்து போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

ராணியைப் பிடித்துக்கொண்டிருந்த குதிரைக்காரர் இப்ராகிம் பாய் கண்ணை உருட்டினார். புருவத்தால் எங்கேயோ காட்டினார். தொண்டையைச் செருமினார். "ஆடாம நில்லுங்க பாய்," என்று அதட்டினேன். டீச்சரோ குதிரையின் கழுத்தில் முகம் புதைத்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

ஊசி முனை தோலுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. பாய்க்குப் பொறுக்கவில்லை.

"சார், எச்சி தெறிச்சாத் தெறிக்கட்டும். நோகுற காலு அங்கிட்டுல்ல இருக்கு."

அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. நல்ல மூட்டில் குத்தித் தொலைத்திருப்பேன்.

"மழிக்கும்போதே சொல்லக் கூடாதா பாய்?"

"நீங்கதான வாயத் தொறக்காதன்னீங்க. கண்ணாலயே எம்புட்டுத்தான் பேசுறது?"

டீச்சர் மொட்டை முட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதுதான் பெரிய கொடுமை.

மறுபடி மழித்து, மறுபடி கழுவி, புது ஊசி எடுத்து, சரியான காலில் போட்டேன். தேய்மானம் போகாது, வலிதான் அடங்கும், சில நாள் ஓய்வு வேண்டும் என்று இந்த முறை அடக்கமாகச் சொன்னேன். அடுத்த போட்டியில் ராணி இரண்டு முட்டியும் மொட்டையாகவே தடை தாண்டியது. டீச்சர் விற்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு மானம் போனதே மறந்துவிட்டது. பாய் மறக்கவில்லை. அவர் ஏரியைச் சுற்றிச் சொன்ன கதை என் வீடுவரை வந்து சேர்ந்தது.

போன மாதம் எனக்கே முட்டித் தேய்மானம், எனக்கே ஊசி. ஆஸ்பத்திரியில் வேட்டியை விலக்கிய டாக்டர் சிரித்துவிட்டார். வலிக்காத முட்டியில் என் மனைவி பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தாள்: "இது இல்லைங்க டாக்டர்."

வலி இரண்டு நாளில் அடங்கிவிட்டது. மை போகத்தான் ஒரு வாரம் ஆயிற்று.