கிளைட்டிக்கு வெயில் கேட்ட கண்டனம் சார்

தில்லி அரசு அலுவலகங்களின் மொத்தக் கோபத்தையும் ஒரே ஸ்வெட்டருக்குள் திணித்தால் அவர்தான் எங்கள் கண்டனம் சார். மதுரைக்காரர், எங்கள் செக்‌ஷன் ஆபீசர். டீயில் இஞ்சி குறைந்தால் கண்டனம். லிஃப்ட் நின்றால் கண்டனம். ஓடினால், "என்னய்யா அதிசயமா ஓடுது, எவன் வர்றான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு?" என்று அதற்கும் ஒன்று.

எங்கள் மாடிப்படிக்கு அடியில், உடைந்த கூலருக்குப் பக்கத்தில், விக்டோரியா ராணி காலத்துப் பளிங்குப் பெண் ஒருத்தி சுவரைப் பார்த்து நின்றாள். தோள் திறந்திருக்கிறதென்று யாரோ புண்ணியவான் திருப்பி வைத்துவிட்டானாம். அவள் தலையில்தான் ஸ்கூட்டர்காரர்கள் ஹெல்மெட் மாட்டுவார்கள். அநியாயம்தான், ஆனால் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒருநாள் பீடத்தில் இருந்த பெயரை மொபைலில் தேடிப் படித்துவிட்டு, சார் கேர்டேக்கரிடம் பாய்ந்தார்.

"யோவ், இவ கிளைட்டிய்யா! கிரேக்கத்துப் பொண்ணு. சூரியன் மேல ஆசைப்பட்டு, அவன் விட்டுட்டுப் போன பெறகும் அவன் போற திக்கையே பாத்துப் பாத்துப் பூவாப் போனவ. அவளப் போயி சுவத்தப் பாக்க வச்சிருக்கியே, நீயெல்லாம் மனுசனா?"

கோபம் வந்தால் அவருக்கு ஹிந்தி மறந்துவிடும். கேர்டேக்கருக்கோ தமிழ் தெரியாது. "பத்தர் ஹை, சாப்" என்றார், வெறும் கல்தானே என்று.

"கல்லுதான்! அவளச் சொல்லல, உன்னையச் சொல்றேன்!"

மறுநாள் மதியம் டிரைவர்களைப் பிடித்து, டிராலியில் ஏற்றி, அவளைப் புல்வெளிக்கே கொண்டுவந்துவிட்டார். தில்லி ஜனவரியில் எங்கள் புல்வெளியில் விழும் வெயில் ஒரு போர்வை அகலம்தான். அதில்தான் மொத்த ஆபீசும் வேர்க்கடலை, ஆரஞ்சு, சீட்டுக்கட்டு சகிதம் நெருக்கியடித்து உட்காரும். நட்டநடுவில் கிளைட்டி. அவள் நிழல் நேராகச் சீட்டாட்டக்காரர்கள் மடியில் விழுந்தது.

"அரே, தூப் ரோக் தீ! எங்க வெயில மறைக்குது சார், உள்ள கொண்டுபோங்க!" என்று கத்தினார்கள் அவர்கள்.

"இத்தன வருசம் அவ வெயில நீங்க மறைச்சீங்களே, நான் கேட்டனா? நெழல்தான ஒங்களுக்குப் பிரச்சன? அந்த எடம் எனக்கு!"

டிபன் டப்பாவோடு நிழலில் சம்மணம் போட்டார். நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார். குளிர்காலம் முழுக்கப் பல் தந்தியடிக்க அங்கேயே சாப்பிட்டார். போய் வெயிலில் உட்காருங்கள் என்றால் எங்களுக்கும் திட்டு விழும்.

இப்போது ஓய்வுபெற்று மதுரைக்குப் போய்விட்டார். இந்த ஜனவரியில் கேர்டேக்கர் டிராலியோடு வந்து, "நிழலில் உட்காரத்தான் ஆளில்லையே, உள்ளே வைத்துவிடலாமா?" என்று ஹிந்தியில் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தேன்.

எலும்புவரை குளிருகிறது. அந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தால் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும்.