எந்தப் பக்கம் தலை?

திருப்பித் திருப்பிப் பார்த்தும் சாபித்துக்கு அந்தக் கிழங்கின் தலை எது, வால் எது என்று பிடிபடவில்லை. முப்பது அனிமோன் பூக்கிழங்குகள். எல்லாம் ஆட்டுப் புழுக்கை மாதிரி காய்ந்து கிடந்தன.

மார்ச் முடிவதற்குள் முப்பதும் பூக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாகக் காப்பிக்கடையில் பக்கத்து வீட்டு ரஸிமிடம் சவால் விட்டாயிற்று. பூத்துவிட்டால் ரஸிமின் மீசை போகும்.

"விதைக்காரன் படுக்கவச்சு நடச் சொன்னானே," என்றாள் மனைவி மெலாஹத்.

"தலை எதுன்னு தெரியாதவன் சொல்ற சமாளிப்பு அது! விக்கிறவன் பேச்சை எவன் நம்புவான்? ராத்திரி தண்ணியில ஊறட்டும்."

காலையில் கிண்ணத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தார். எல்லாம் உப்பி மெத்தென்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூர்!

"பாத்தியா, இந்தா தலை! திருட்டுப் பய, படுக்கவச்சு நடுன்னானே!"

கூர் மேலே பார்க்கப் பாத்தி நடுவில் நட்டார்.

சுவருக்கு மேல் ரஸிமின் தலை எழும்பியது. "யோவ், கூர்தான்யா வேரு. பூமிக்கு அடியில பூக்கப் போகுது, குனிஞ்சு பாத்துக்கோ."

தோண்டிப் புரட்டி நட்டார்.

"சும்மா சொன்னேன்யா!" என்று மறுவாரம் ரஸிம் சிரித்தார்.

மறுபடி தோண்டி நிமிர்த்தினார். அன்று மாலையே சந்தேகம் வந்தது. இவன் எப்போது உண்மை பேசினான்? மூன்றாம் முறை தோண்டிக் கவிழ்த்தபோது பாதி நசுங்கிக் கையில் பிசுபிசுத்தது.

"எறும்பு மொய்க்குதுங்க."

"இனிப்பா இருக்குன்னா உசத்தி ஜாதின்னு அர்த்தம். உனக்கென்ன தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்," என்று மெலாஹத் உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி முடிந்தும் பாத்தி நடுவில் ஒரு துளிர் இல்லை. சுவருக்கு அப்பால் ரஸிம், கத்தி தீட்டும் சத்தத்தை வாயாலேயே எழுப்பினார். சாபித் மீசையைத் தடவியபடி தூக்கமில்லாமல் புரண்டார்.

மார்ச்சில் சிவப்பும் ஊதாவும் வெள்ளையுமாக முப்பது பூ! நட்ட இடத்தில் இல்லை, பாத்தியின் ஓரத்தில்.

"வெயிலைத் தேடி மண்ணுக்குள்ளயே நகர்ந்து வந்திருக்கு," என்று சாபித் ஊருக்கே விளக்கினார்.

ரஸிம் மூன்று முறை எண்ணினார். முப்பதுதான். காப்பிக்கடை வாசலில் நாற்பது வருஷ மீசை விழுந்தது. உரித்த முட்டை மாதிரி இருந்தார்.

ஊரே தோளில் தட்ட, சாபித் நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தார்.

"மெலாஹத்! ஜெயிச்சுட்டேன்! கூரையில காயவச்சியே அத்திப்பழம், அதுல அக்ரூட் பருப்பு வச்சு இனிப்பு பண்ணு!"

"கிழங்கைத்தான் அன்னைக்கு ராத்திரியே கிண்ணத்துலருந்து எடுத்து, வேற ஒண்ணை ஊறப்போட்டுட்டு, ஓரமா படுக்கவச்சு நட்டேன். அத்திப்பழத்துக்கு எங்க போவேன்? முப்பதையும் நீங்கதானே தலைகீழா நட்டுவச்சிருக்கீங்க!"