நிக்கல் கம்பிக்குச் சொன்ன ஜெபம்

ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஜெபம் செய்யலாம், தப்பில்லை. கருவியின் மேல் குனிந்துகொண்டு செய்யக் கூடாது. இயற்பியலுக்கு நான் அளித்த ஒரே கொடை இந்த விதிதான்.

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்களுக்கு மஞ்சள் காடு. அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்: முதல் வகுப்பு வாங்கினால் கல்லூரியிலேயே டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்குப் போகலாம், இல்லையென்றால் காட்டுக்கு வந்து கிணற்று மோட்டார் போடலாம். எனக்கு மோட்டார் போடப் பிடிக்காது. முதல் வகுப்போ என் ப்ராஜெக்டை நம்பி இருந்தது.

இரண்டு நிக்கல் கம்பிகளின் முனைகளை அமிலத்தில் கரைத்து ஊசியாக்கி, பட்டும் படாமலும் தொட வைக்க வேண்டும். தொடுகிற இடம் சில அணுக்கள் அகலம்தான் என்று எங்கள் பேராசிரியர் நம்பினார். (எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை.) அவ்வளவு குறுகலான வழியில் மின்சாரம் போகும்போது பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுவந்தால் மின்சாரம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. காந்தம் கம்பியையே இழுத்துவிடாமல் இருக்க, கண்ணாடித் தகட்டில் பசை போட்டு ஒட்டியிருந்தோம். ரோட்டில் லாரி போனாலே மீட்டர் முள் ஆடியதால், தொப்பூர் பஞ்சர் கடையில் ஒரு லாரி ட்யூப் வாங்கிக் காற்றடித்து, மொத்தத்தையும் அதன்மேல் உட்கார வைத்தேன். பழைய ஒலிபெருக்கி ஒன்றைப் பிரித்துக் காந்தத்தை எடுத்தேன். பக்கத்தில் போகும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது பேராசிரியரின் கட்டளை.

மாதக்கணக்கில் முள் அசையவில்லை. ஊருக்குப் போனபோது அம்மாவிடம் புலம்பினேன். எங்கள் வீட்டில் பஸ் ஏறினாலும் சரி, மோட்டார் சுவிட்சைத் தட்டினாலும் சரி, முதலில் சிலுவை போட்டு ஒரு ஜெபம் சொல்வது வழக்கம்.

"காந்தத்த வெக்கறதுக்கு முன்ன அந்தோணியார வேண்டிக்கிட்டியாடா?" என்று கேட்டாள்.

வேண்டிக்கொள்ளவில்லை. முதுகலை படிக்கிறவன் என்ற திமிர்.

திங்கட்கிழமை ஒரு கையில் காந்தத்தைப் பிடித்து, மறு கையால் சிலுவை போட்டு, தகட்டின் மேல் குனிந்து முணுமுணுத்தேன். முள் இறங்கியது. மறுபடி செய்தேன், மறுபடி இறங்கியது. மூச்சை அடக்கும் விதி ஜெபத்துக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று முதல் ஒவ்வொரு அளவையும் பக்தியோடு எடுத்தேன். வரைபடம் அவ்வளவு அழகாக வந்தது. பேராசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். (வெளிநாட்டில் பரிசு வாங்கப் போகும்போது குளிருமே, ஸ்வெட்டருக்கு என்ன செய்வது என்றுகூட யோசித்தேன்.)

வாய்மொழித் தேர்வுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு அம்மையார் வந்தார். செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். முள் சமர்த்தாக இறங்கியது. பேராசிரியர் புன்னகைத்தார்.

"என்ன முணுமுணுக்கறீங்க?"

"ஜெபம்ங்க மேடம்."

அவர் சிரிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு செய்யச் சொன்னார். காந்தத்தைக் கம்பியில் இடிக்காத குறையாகக் கொண்டுபோனேன். முள் அசையவில்லை. பிறகு காந்தத்தை வாங்கி அறையின் மறுகோடியில் வைத்துவிட்டு வந்தார்.

"இப்ப ஜெபத்த மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். முள் இறங்கியது. அந்தோணியார் அன்றைக்கு மட்டுமாவது என்னைக் கைவிட்டிருக்கலாம். பேராசிரியர் சுற்றாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூச்சுக்காற்றின் சூட்டில் கம்பி துளி அசைந்தாலும் அந்தத் தொடுமுனை மாறிவிடும் என்று அந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார். கடைசியில் சொன்னார்: "உங்க காந்தம் ஒண்ணும் பண்ணல தம்பி. ஜெபந்தான் பண்ணியிருக்கு."

இரண்டாம் வகுப்பு வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். வீட்டில் அப்பா மோட்டார் ரூம் சாவியை நீட்டினார். அம்மாதான் நடந்ததை முழுதாகச் சொல்லச் சொன்னாள். கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்தது.

"மெட்ராஸ்லருந்து வந்த அம்மாவே அப்பிடிச் சொல்லிட்டாங்களா?"

அடுத்த ஞாயிறு பூசை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. காந்தத்தையும் ஜெபத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அரசாங்கமே சோதித்ததாகவும், ஜெபம் ஜெயித்ததாகவும், சோதனையை நடத்தியது தன் மகன்தான் என்றும் அம்மா சொல்லியிருந்தாள். என் தோல்வியை அவ்வளவு பெருமையாகச் சொல்ல அவளால்தான் முடியும். அதற்குப் பிறகு ஓடாத மோட்டாரும் பேசாத ரேடியோவும் என்னைத் தேடி வந்தன.

இன்றும் வீட்டில் வைஃபை வராவிட்டால் என் மகள் அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து என் வாய்க்கு நேரே பிடிக்கிறாள். நானும் குனிந்து முணுமுணுக்கிறேன். சில சமயம் வந்தும் விடுகிறது. அந்த மேடம் பக்கத்தில் இல்லாததால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.