பொன்னுக்கு வீங்காத கன்னங்கள்

டாலிகஞ்ச்,
வியாழன், காலை 10.20

சிரஞ்சீவி அனந்தகிருஷ்ணனுக்கு அத்திம்பேர் வெங்கடநாராயணன் அநேக ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அக்கா அகிலாவும் க்ஷேமம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அவள் க்ஷேமம். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

என் எழுபதாவது பிறந்தநாள் சாந்தியை மூன்று வாரம் தள்ளிப்போட வேண்டும். நாள் சரியில்லை என்று சாஸ்திரிகள் சொன்னதாக நீயே அக்காவிடம் சொல்லிவிடு. காரணம் இதுதான். கடைவாய்ப் பற்கள் போனதிலிருந்து என் கன்னங்கள் குழிவிழுந்துவிட்டன. சாந்தி ஃபோட்டோவிலாவது பார்க்கும்படி இருப்போமே என்று, சரியோ தப்போ, நூலகத்துக்குப் போவதாக அகிலாவிடம் சொல்லிவிட்டு, கரியாஹாட்டில் ஒரு தோல் டாக்டரிடம் கன்னத்தில் குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டேன். பத்து நாள் ஒன்றுமில்லை. எதற்கும் ஜாக்கிரதையாக இருப்போம் என்று ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுக்கொண்டேன் பார், அங்கேதான் வந்தது வினை. மூன்றாம் நாள் இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பிவிட்டன. தடுப்பூசியால் உடம்பின் காவல்படை முழித்துக்கொண்டு, கன்னத்தில் பேசாமல் குடியிருந்த ஃபில்லரையும் அந்நியன் என்று பிடித்து உலுக்குகிறதாம். மாத்திரையில் அடங்கிவிடும் என்கிறார் டாக்டர். காலையும் மாலையும் தையல் நாடாவால் அளக்கிறேன். இன்னும் அடங்கவில்லை.

அகிலாவோ பார்த்தவுடனே, "ஏன்னா, இது பொன்னுக்கு வீங்கின்னா! சின்ன வயசுல வராதது இப்ப வந்திருக்கு" என்று தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டாள். தட்டு தனி, டம்ளர் தனி. சங்கிலியும் கையுமாக பால்கனியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டு வங்காளிப் பெண் ஸ்னேகா மாமா முறை வைத்து, "மேஷோமஷாய், வாயில இருக்கிற சந்தேஷ் ஸ்வீட்டை முழுங்கிட்டுப் பேசுங்க" என்று கத்துகிறாள். அதைப் பொறுத்துக்கொள்வேன். அகிலா எனக்காகப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொள்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நாற்பத்துமூன்று வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அந்த நூலகம். பாவம், போன மாதம்தான் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாமல் அவளுக்கே முகம் வீங்கியது. அன்றிலிருந்து வீட்டில் கத்தரிக்காயே கிடையாது. நானும் ஆசையை வெளியே சொல்லவில்லை. அப்படிப்பட்டவளிடம் அழகுக்கு ஊசி போட்டுக்கொண்டேன் என்று எந்த வாயால் சொல்வது? இருக்கிற வாயும் சரியாகத் திறக்கவில்லை.

உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் ஆசிகள். எல்லோரும் சொந்தக் கன்னங்களோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அத்திம்பேர்

பி.கு.: மேலே உள்ளதை மறந்துவிடு. குறித்த நாளிலேயே வா. உறை ஒட்டப் பசை கேட்டேன். "நானே ஒட்டித் தரேன்" என்று வாங்கிப்போனவள் படித்துவிட்டாள். கடிதத்தை மடித்து என் முன்னால் வைத்தாள். பிறகு மெதுவாக, "கரியாஹாட்டுல மாடியில மீன் தொட்டி வெச்சிருப்பாளே, அந்த டாக்டரா?" என்று கேட்டாள். கடிதத்தில் எங்கேயும் நான் மீன் தொட்டியைப் பற்றி எழுதவில்லை. சங்கிலியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். இன்று எண்ணெய்க் கத்தரிக்காய்.