குழிநாட்டின் ஈரமூட்டி

குழிநாட்டை வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. அந்த நாட்டு மன்னர் பதினெண்குழிப் பெருமான் ஆட்சி செய்த நேரம் போக மீதி நேரம் கோல்ஃப் ஆடினார். ஆடிய நேரம் போக மீதிதான் ஆட்சி என்று சொன்னவர்களும் உண்டு; அவர்கள் இப்போது இல்லை. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைப் பெருமான் பெற்ற பிள்ளையாகப் பார்த்தார்.

ஒரு கோடையில் அந்தப் புல்லில் திட்டுத்திட்டாகப் பழுப்பு விழுந்தது. எவ்வளவு நீர் விட்டாலும் மண் உள்ளே வாங்கவில்லை. எண்ணெய்ச் சட்டியில் விட்டதுபோல உருண்டு ஓடியது.

"மண்ணுக்கு அரசின்மேல் ஏதோ வருத்தம், பெருமானே. அந்நியச் சதியாகவும் இருக்கலாம்" என்றார் ஈரத்துறை அமைச்சர் நீலமேகனார்.

கப்பலில் ஈரமூட்டி என்றொரு மருந்து வந்தது. சோப்புத் தண்ணீர்போல நுரைக்கும். அதைத் தெளித்து, மேலே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி இறக்கினால், முரண்டு பிடிக்கும் மண்ணும் நீரை உள்ளே விடும். நல்ல மருந்துதான், குறை சொல்ல முடியாது. புல் பச்சையானது. கழுவி இறக்கியதில் ஏரி பாதியானது; மீதி நீரும் புல்லுக்கே என்று ஊர் வாய்க்கால்களை அடைத்துவிட்டார்கள்.

அப்போது மேட்டுப்புழுதி என்ற ஊரில் அங்காயி என்பவளின் மிளகாய்த் தோட்டம் பூ வைத்திருந்தது. ஒரு தண்ணீர் பாய்ந்தால் காய் பிடிக்கும். இல்லையென்றால் தோட்டத்தைப் போட்டுவிட்டு, பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குப் போகவேண்டியதுதான். "ஒரே ஒரு தண்ணி விடச் சொல்லுங்க சாமி" என்று அமைச்சரிடம் கெஞ்சினாள்.

அரசு ஒன்றும் கல்நெஞ்சு படைத்ததல்ல. உடனே துளிச் சோதனை அறிவித்தது. ஊர் மண்ணில் ஒரு சொட்டு விடுவார்கள். உடனே இறங்கினால், அந்த மண்ணுக்கு ஈரம் வாங்கத் தெரியும், உதவி தேவையில்லை. இறங்காவிட்டால், நீரை மறுக்கும் மண், கொடுத்தும் பயனில்லை. அங்காயியின் தோட்டத்தில் சொட்டு முத்தாக நின்றது.

"பார்த்தாயா அம்மா? அரசு கொடுக்கத்தான் வந்தது. உன் மண் வேண்டாம் என்கிறது" என்றார் அமைச்சர்.

"காஞ்சு கெடக்குற மண்ணுங்க. ஒரு சொட்டுல என்னத்தக் குடிக்கும்? வாய்க்காலத் தொறந்துட்டுப் பாருங்க!"

"விதியில் ஒரு சொட்டுதான் இருக்கிறது."

அடப்பாவிகளா என்று ஊரே வாய்க்குள் சொல்லிக்கொண்டது. வாய்விட்டுச் சொல்ல வரி உண்டு.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. குழிநாட்டில் மன்னரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பெருமான் ஊர் ஊராகப் போய் மக்களின் துயரம் கண்டு அழுவது வழக்கம். முதல் ஊரில் காய்ந்த வயலில் நின்று அழுதார். கண்ணீர் மண்ணில் விழுந்தது. இறங்காமல் உருண்டு அவர் செருப்படியிலேயே வந்து நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தும்விட்டார்கள்.

"பெருமானின் கண்ணீரை மண் மறுப்பதா!" நீலமேகனார் பதறிப்போனார். அன்றே ஆணை பிறந்தது: பெருமான் அழவிருக்கும் இடங்களில் முன்கூட்டியே ஈரமூட்டி தெளித்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி இறக்க வேண்டும்.

அடுத்த ஊர் மேட்டுப்புழுதி. அங்காயியின் தோட்டம்தான் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று அதிகாரிகள் தேர்ந்தெடுத்தார்கள். மருந்து தெளித்தார்கள், மடையைத் திறந்தார்கள். அங்காயி மண்வெட்டியோடு ஓடி, பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பினாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதை ராஜபக்தி என்று அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். பிறகு பெருமான் வந்து அழுதார். கண்ணீர் விழுந்த மாத்திரத்தில் மண்ணில் இறங்கியது.

செடி காய் பிடித்தது. சூளைக்குப் போகும் பேச்சே எழவில்லை. மேட்டுப்புழுதி மொத்தமும் பெருமானுக்கே ஓட்டுப் போட்டது. வெற்றிக்குப் பின் நன்றி சொல்ல வந்த நீலமேகனார், அங்காயியைக் கூப்பிட்டுக் கனிவோடு கேட்டார்.

"இன்னும் என்னம்மா குறை உனக்கு?"

"கொறை ஒண்ணும் இல்லீங்க சாமி. அடுத்த போகத்துக்கு நாத்து விடணும். ராசா மறுபடி எப்பங்க அழுவாரு?"