நீட்டிய மைக்

எந்த ஊருக்குப் போனாலும் ஒருவராவது அகப்படும் இனம் இது. பெயர், சுருக்கிச் சொல்பவர். மக்கள் குரலுக்காகவே உயிர் வாழ்வதாகச் சொல்லிக்கொள்வார்; அந்தக் குரல் இரண்டு வாக்கியத்தைத் தாண்டினால் மட்டும் அவருக்குப் பொறுக்காது.

உங்களுக்குத் தெரிந்தவர்தான். சமூகக்கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்வார், "இங்க மேடையே கிடையாது, எல்லாரும் சமம்" என்பார், சமமான அந்த வட்டத்தின் நடுவில் தான் மட்டும் நின்றுகொள்வார், வண்ணச் சீட்டுகளைச் சுவரில் ஒட்டுவார், யாராவது கண்கலங்கினால் புகைப்படக்காரருக்குச் சாடை காட்டுவார். மைக்கை மட்டும் கையில் தரமாட்டார். வாயருகே நீட்டுவார். கொடுத்துத்தான் தொலைத்தால் என்ன? கொடுத்தால் மக்கள் பேசிவிடுவார்களே!

சுருக்கம் சார் என்றே பெயர் வாங்கிய அப்படிப்பட்ட ஒருவரிடம் வந்து சேர்ந்தாள் ஒரு தையல்காரி. அவள் மகளுக்கு இழுப்பு. மருந்து தருவது தெருமுனைச் சுகாதார நிலையம். அது நான்கு மணிக்கு மூடும். தையல் ஆலை ஐந்து மணிக்கு விடும். போன மாதம் மருந்து தீர்ந்து நான்கு நாள் பிள்ளை மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்து இவள் பாதி செத்துப்போனாள்.

"எம் பொண்ணுக்கு இழுப்பு சார். நாலு மணிக்கே மூடிடுறாங்க, நான் வர்றதுக்குள்ள..."

மைக் சாரின் வாய்க்கே திரும்பிப் பறந்தது.

"அக்கா சொல்ல வர்றது என்னன்னா, பெண்கள்கிட்ட ஆரோக்கிய விழிப்புணர்வு கொறைவா இருக்கு!"

கைதட்டல். அவளும் தட்டினாள். வேறு எந்த அக்காவையோ சொல்கிறார் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

பலன் இல்லாமல் போகவில்லை. பதினைந்தே நாளில் சுகாதார நிலையத்தில் விழிப்புணர்வு முகாம் நடந்தது. முகாமுக்கு இடம் போதவில்லையென்று அன்று முழுக்க மருந்து கொடுக்கும் சன்னலை மூடிவிட்டார்கள். மேற்பார்வையாளரிடம் கெஞ்சி அரைநாள் விடுப்பில் ஓடிவந்தவளுக்குக் கிடைத்தது, ‘உங்கள் நலம் உங்கள் கையில்’ என்று அச்சடித்த ஒரு தொப்பி.

அடுத்த கூட்டத்துக்கு அவள் அந்தத் தொப்பியோடு வந்தாள். சுகாதார நிலைய டாக்டரம்மாவும் வந்திருந்தார். மைக் நீண்டதும் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளாவது ஆறு மணி வரைக்கும் மருந்து குடுங்க."

"அக்கா சொல்ல வர்றது என்னன்னா..." சார் மைக்கை இழுத்தார். அது வருவதாக இல்லை.

"சொல்ல வரல சார். சொல்லிட்டேன்."

டாக்டரம்மா அப்போதுதான் பேனாவைத் திறந்தார்.

"ஆறு மணி போதுமாம்மா, ஆறரை வேணுமா?"

இந்த மாதத்திலிருந்து அந்த இரண்டு நாளும் சன்னல் ஆறரை வரை திறந்திருக்கிறது. சுருக்கம் சாரின் அறிக்கையும் வெளியாகிவிட்டது. தலைப்பு, ‘குரலற்றவர்களுக்குக் குரல் கொடுத்தோம்’. அட்டையில் மைக்கோடு தையல்காரி. ஓரத்தில் அதைப் பிடித்து இழுக்கும் சாரின் கையை, கொடுக்கும் கை என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. வீட்டில் யாராவது "என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டால் இதை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். "ஒண்ணுமில்ல, இதுல சொல்ல வர்றது என்னன்னா..." என்று உங்கள் வாய் கிளம்பினால், உங்கள் வலது கையைக் கொஞ்சம் பாருங்கள். மைக் இருக்கும்.