மச்சான் கொடுத்த கிட்னிக்குக் காய்ச்சல்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை நலம். நானும் நலம். நீங்கள் எனக்குக் கொடுத்த கிட்னியும், இந்த வரியை எழுதும் நிமிடம் வரை, நலம். தங்கள் நலத்தையும் தங்கள் வீட்டம்மாவின் நலத்தையும் அறிய ஆவல். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். கையில் ஸ்பேனர் ஏதாவது இருந்தால் முதலில் கீழே வைத்துவிடவும்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், கடிதத்தில் அது முடியாது. தவிர, "எங்கண்ணன்கிட்ட நீங்களா சொல்றீங்களா, இல்ல நான் சொல்லவா?" என்று உங்கள் தங்கை சாயங்காலம் வரை எனக்குக் கெடு வைத்திருக்கிறாள். அவள் வாயால் சொன்னால் விஷயத்துக்குக் கை, கால், மீசை எல்லாம் முளைத்துவிடும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் டிப்போவில் மெக்கானிக், நான் அங்கே டிரைவர். எந்த வண்டியைக் கொடுத்தாலும் நான் கெடுத்துக்கொண்டுதான் வருவேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்தவர் நீங்கள். எனக்குக் 'கிளட்ச் தின்னி' என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியமும் உங்களையே சேரும். அப்பேர்ப்பட்டவருடைய கிட்னிதான், என் கிட்னி இரண்டும் கைவிரித்தபோது, எனக்கு வந்து சேர்ந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் பக்கத்து ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "மாப்ள, இதையாவது ஒழுங்கா ஓட்டுங்க" என்றீர்கள். அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன் மச்சான், தலையை அடகு வைத்தாவது இந்த ஒரு வண்டியைக் கீறல் விழாமல் வைத்துக்கொள்வது என்று. அங்கேதான் வினை பிடித்தது.

இன்ஜின் வேலை பார்த்த வண்டியை எடுத்த எடுப்பில் விரட்டக் கூடாது, லோடு ஏற்றக் கூடாது, கொஞ்ச நாளைக்குப் பைய உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்று டிப்போவில் எங்கள் காது புளிக்கப் புளிக்கச் சொன்னது யார்? நீங்கள்தானே? அதைத்தான் அட்சரம் பிசகாமல் செய்தேன். இப்போதைக்கு நம் ஊருக்குத் திரும்ப வேண்டாம், ஆஸ்பத்திரி இருக்கிற இந்த ஊரிலேயே வாடகை வீடு பிடித்துத் தங்குங்கள் என்று அனுப்பும்போது டாக்டரம்மா, "நிறைய தண்ணி குடிங்க, வந்தா அடக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தவர் பொருள், இப்போதுதான் மாட்டியிருக்கிறார்கள், அதன் தலையில் குடம் குடமாக ஊற்றினால் தாங்குமா? நாக்கு நனைகிற அளவுக்குக் குடித்தேன். டயாலிசிஸ் காலத்தில் தண்ணீரை மருந்துபோல அளந்து குடித்துப் பழகிய நாக்கு, அதுவும் ஏன் என்று கேட்கவில்லை. சிறுநீர் முட்டினாலும் உடனே எழுந்து போவதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கடைசி நிறுத்தம் வரை இறங்காத உடம்பாயிற்றே! உங்கள் தங்கை டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால், அவள் தலை மறைந்ததும் ஜன்னலோரத் தொட்டிச்செடிக்கு ஊற்றிவிடுவேன். பாவம், அந்தச் செடி தண்ணீர் தாங்காமல் அழுகியே செத்தது.

கொஞ்ச நாளில் எரிச்சல் ஆரம்பித்தது. ஐயோ, அதை என்னவென்று சொல்ல! போகும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, கீழே வர வேண்டியது வழி தவறி மேலே வருகிறதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். நிமிடத்துக்கு ஒரு தரம் முட்டும், போனால் நாலு சொட்டு. கலங்கலாக இருந்தது, நாற்றமும் குடலைப் புரட்டியது. புது இன்ஜின் சூடு, போகப் போகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். வெளியே சொன்னால் உங்கள் தங்கைக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் உங்களுக்குத் தெரியும், அப்புறம் நான் டிப்போ பக்கம் தலைகாட்ட முடியுமா? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் முனகுவேன். "உள்ள என்ன சத்தம்?" என்று கதவைத் தட்டுவாள். "பாடறேன்" என்பேன். "இவ்ளோ சோகமாவா?" என்பாள்.

ஒருநாள் மத்தியானம் குளிர் வந்து தூக்கித் தூக்கிப் போட்டதில் கட்டிலே ஆடியது. உங்கள் தங்கை நெற்றியில் கையை வைத்தவள், வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டு டாக்சி பிடிக்க ஓடினாள். டாக்சிக்காரர் டாப் கியரிலேயே மேடு ஏறினார். வண்டி திணறுவதை என்னால் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? பல் கிடுகிடுக்க, "தம்பி, கியரைக் குறைப்பா" என்றேன். "சாகக் கிடக்கும்போதும் இந்த வாயைப் பாரு" என்று திட்டினாள் உங்கள் தங்கை. திட்டிவிட்டு, சொன்ன வார்த்தையை நினைத்து அவளே அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். பிடித்துப் பார்த்தால் பார்க்கச் சகிக்கவில்லை. சோதனைக்குப் போகிற வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்துவதில்லையா நாம்? அந்த நினைப்பில் குழாய்த் தண்ணீர் கொஞ்சம் சேர்த்துத் தெளிய வைத்துக் கொடுத்தேன். டப்பாவைத் தொட்டதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க, உடம்பு நெருப்பா கொதிக்குது, இது மட்டும் ஜில்லுன்னு இருக்கே?" என்றார். மானம் கப்பலேறியது. இரண்டாவது தடவை கதவுக்கு வெளியே ஒரு ஆயாவைக் காவலுக்கு நிறுத்தித்தான் பிடிக்கவிட்டார்கள்.

டாக்டரம்மா வந்தார். தண்ணீரைக் குறைத்த கதையை உளறிவிட்டேன். "உங்களுக்குக் கொடுக்கிற மாத்திரை, இந்தக் கிட்னியை உடம்பு எதிர்க்கக் கூடாதுன்னு உள்ள இருக்கிற காவலைக் குறைச்சு வைக்குது. காவல் குறைஞ்சா கிருமிக்குக் கொண்டாட்டம்தானே? அதுக்குத்தான் தண்ணி குடிச்சு அடிச்சு வெளிய தள்ளணும்னு சொன்னேன். யாரு குறைக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

"என் மச்சான்" என்றேன். பயத்தில் வந்துவிட்டது, மன்னிக்கவும்.

"அவர் எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?"

"பஸ் டிப்போ, டாக்டரம்மா."

அவர் சிரிக்கவில்லை. கிருமி கிட்னி வரைக்கும் ஏறிவிட்டது, கிட்னி திணறினால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் என்கிற கழிவு கூடியிருக்கிறது, மருந்துக்குக் கேட்கிறதா என்று பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும் என்றார். அதன்பிறகு, மச்சான், அடிவயிற்றில் வலப்பக்கம், நீங்கள் இருக்கிற இடத்தில், கையை வைத்தபடி படுத்திருந்தேன். தொட்டாலே வலித்தது. என் உயிரைப் பற்றிப் பயம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. வயிற்றை வெட்டி எடுத்துக் கொடுத்தவரிடம் போய், கெடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? "மச்சான், கோவிச்சுக்காம கொஞ்சம் ஓடுங்க, ஓடுங்க" என்று அதனிடமே கெஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நர்ஸம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்.

கெஞ்சியதற்கோ, ஊசிக்கோ, இரண்டுக்குமோ, பலன் கிடைத்தது. கிருமி எந்த மருந்துக்கு மடியும் என்று பரிசோதனையில் கண்டுபிடித்து அதையே ஏற்றினார்கள். காய்ச்சல் விட்டது, கிரியாட்டினினும் பழைய இடத்துக்கு இறங்கியது. வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது உங்கள் தங்கை "குடிங்க", "போங்க" என்ற இரண்டே சொல்லில் குடித்தனம் நடத்துகிறாள்.

ஆகவே மச்சான், பதறியடித்துக்கொண்டு புறப்பட்டு வந்துவிடாதீர்கள். திட்ட வேண்டியதை அங்கிருந்தே திட்டவும். எரிச்சல் கண்ட அன்றே சொல்லாமல் மூடி மறைத்தது முழுக்க முழுக்க என் மடத்தனம். உங்களைப்போல நிதானமான மனிதர் ஒருநாளும் இப்படிச் செய்திருக்க மாட்டார். பெரிய மனது பண்ணி மன்னித்து, என்னை இன்னும் மனிதனாக மதித்து இரண்டு வரி எழுதினால் நிம்மதியாக இருப்பேன். வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். நீங்கள் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் வீட்டம்மா உங்கள் தங்கைக்குப் போன் செய்தார். உங்களுக்கும் எரிச்சலாமே? இடுப்பு வலியாமே? நேற்றிலிருந்து காய்ச்சலாமே? வண்டிக்கு அடியில் படுத்தால் நாள் முழுக்கத் தண்ணீரே தொடுவதில்லையாமே? "மாப்ளைக்குச் சொல்லாத, தனக்குக் கொடுத்ததாலதான்னு மனசு ஒடிஞ்சு போயிடுவார்" என்று அந்த அம்மாவிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறீர்களாமே! என்ன மனுஷன் மச்சான் நீங்க! மேலே கேட்ட மன்னிப்பு அத்தனையும் வாபஸ். போனையும் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. நானும் உங்கள் தங்கையும் பஸ் ஏறிவிட்டோம். இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பேன். கடிதத்தை மடிச்சு வச்சுட்டு எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம். உங்ககிட்ட மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எதை எடுத்துக் கொடுப்பேன்? என்கிட்ட இருக்கிறதும் உங்களோடதுதானே, மச்சான்.